கடையில் முன்பணம், காவல் துறையில் விண்ணப்பம்

நியூ ஜெர்சியில் கைத்துப்பாக்கி வாங்க நினைப்பவர் முதலில் போக வேண்டிய இடம் கடை அல்ல, ஊர்க் காவல் துறை. ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனித்தனியாக அனுமதி பெற வேண்டும். கைரேகை, மனநலப் பதிவுகள், நற்சான்று சொல்பவர்கள் எல்லாம் சரிபார்க்கப்பட்டு 30 நாளுக்குள் முடிவு வர வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அது நீள்வதும் உண்டு. அதற்குள் கண்ணாடிப் பெட்டியில் பார்த்துவைத்த துப்பாக்கி வேறொருவர் கைக்குப் போய்விடுமே என்று சிலர் கடைக்காரரிடம் முன்பணம் கொடுத்து எடுத்துவைக்கச் சொல்கிறார்கள். அனுமதி கையில் இல்லாதபோது கொடுக்கும் அந்தப் பணம் குற்றமா?

நியூ ஜெர்சிச் சட்டத்தின் வாசகம் பயமுறுத்தக்கூடியது. அனுமதி இல்லாமல் யாரும் கைத்துப்பாக்கியை விற்கவோ கொடுக்கவோ கூடாது. பெறவோ வாங்கவோ வேறு வழியில் அடையவோ கூடாது. ஆனால் 'வாங்குதல்' எந்த நொடியில் நடக்கிறது? இதற்கு விடை வணிகச் சட்டத்தில் இருக்கிறது. விற்பனை என்பது விலைக்கு ஈடாகப் பொருளின் உடைமை கைமாறுவது. பின்னொரு நாளில் விற்பதாகச் செய்துகொள்ளும் ஒப்பந்தம் வேறு. இருவரும் வெளிப்படையாக வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாத வரை, பொருளை ஒப்படைக்கும்போதுதான் உடைமை மாறுகிறது. ஆகவே, அனுமதி வந்தால் விற்கிறேன் என்ற நிபந்தனையோடு வாங்கிவைத்த முன்பணம் விற்பனை ஆகாது என்பதே என் வாசிப்பு. ரசீதில் 'விற்கப்பட்டது' என்று எழுதி முழு விலையையும் வாங்கிக்கொண்டால் நிலைமை அவ்வளவு தெளிவாக இருக்காது. ஒரு குற்றவியல் சட்டம் ரசீதில் உள்ள ஒரு சொல்லை நம்பி நிற்பது நல்லதல்ல. அதைச் சட்டமன்றம்தான் திருத்த வேண்டும்.

பணம் முன்னால் கைமாறுவதே ஆபத்து என்பவர்கள் டெக்சஸைப் பார்க்கலாம். அங்கே சாதாரணத் துப்பாக்கிக்கு வாங்கும் அனுமதியும் இல்லை, காத்திருப்பும் இல்லை. உரிமம் பெற்ற கடையில் பின்னணிச் சோதனை தேறினால் அன்றே கொண்டுபோகலாம். ஆனால் துப்பாக்கிச் சைலன்சர் வாங்குபவர் 1934ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். விண்ணப்பத்தில் பொருளின் வரிசை எண்ணைக் குறிப்பிட வேண்டியிருப்பதால், எந்தப் பொருள் என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். அதனால் பெரும்பாலும் முழு விலையைக் கட்டிவிட்டுத்தான் விண்ணப்பிக்கிறார்கள். ஒப்புதல் வரும்வரை பொருள் கடைக்காரரிடமே இருக்கும். முன்பு மாதக்கணக்கில்கூட இருந்தது. சைலன்சருக்கான 200 டாலர் வரி 2026 ஜனவரியிலிருந்து இல்லை. ஒப்புதல் பெறும் கட்டாயம் நீடிக்கிறது. அந்தச் சட்டம் தடுப்பது ஒப்படைப்பை, பணத்தை அல்ல. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலும் உரிமம் இல்லாமல் ஆயுதத்தை அடைவதும் வைத்திருப்பதும் தூக்கிச் செல்வதும்தான் தடை.

ஆனாலும் பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சட்டம் கண்டுகொள்ளாமல் விடுவதில்லை, விடவும் கூடாது. 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த அப்ராம்ஸ்கி வழக்கில், முன்னாள் காவலர் ஒருவர் தன் மாமாவுக்காக ஒரு கிளாக் 19 வாங்கினார். உண்மையில் வாங்குபவர் தானே என்று படிவத்தில் எழுதினார். ஆனால் மாமா முன்கூட்டியே அனுப்பிய 400 டாலர் காசோலையின் குறிப்பில் அந்தத் துப்பாக்கியின் பெயரே இருந்தது. இருவருமே சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவர்கள். அப்படியிருந்தும் பொய் பொய்தான் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பானது. அனுமதி கேட்பவர் ஒருவர், முன்பணம் கட்டுபவர் வேறொருவர் என்றால் கடைக்காரர் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

என்னை உண்மையில் உறுத்துவது வேறு. கலிஃபோர்னியாவில் துப்பாக்கி வாங்குபவர் பாதுகாப்புச் சான்றிதழுக்கான தேர்வைக் கடையிலேயே எழுதிவிடலாம். அதன்பின் 10 நாள் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இது எதற்கு என்று கேட்ட சில்வெஸ்டர் வழக்கில், 2016இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கலிஃபோர்னியாவின் பக்கம் நின்றது. கோபமும் விரக்தியும் தணிய அவகாசம் வேண்டும் என்ற வாதத்தை அது ஏற்றது. 2018இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை விசாரணைக்கு எடுக்க மறுத்தது. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொள்பவர்கள். அந்தப் பத்து நாளில் ஒருவர் மனம் மாறினால் அதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. அப்படி மாறுபவரிடம், கட்டிய பணம் திரும்ப வராது என்று கடைக்காரர் சொன்னால் அந்த அவகாசத்துக்கு என்ன அர்த்தம்?

வணிகச் சட்டம் இங்கே துப்பாக்கியையும் குளிர்சாதனப் பெட்டியையும் ஒன்றாகவே பார்க்கிறது. வாங்குபவர் பின்வாங்கினால், ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாதபோது விலையில் 20 சதவீதம் அல்லது 500 டாலர், இதில் எது குறைவோ அதைக் கடைக்காரர் வைத்துக்கொள்ளலாம். மூன்று மாநிலங்களிலும் இதே விதிதான். 600 டாலர் துப்பாக்கிக்கு அது 120 டாலர். அனுமதி மறுக்கப்படுவது வாங்குபவரின் ஒப்பந்த மீறலா, ஒப்பந்தம் நம்பியிருந்த நிபந்தனை பொய்த்துப்போனதா என்பதும் அந்த விதியில் வெளிப்படையாக இல்லை.

நம்மவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி பெறுவதையும் வைத்திருப்பதையும் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அது எப்படியும் வந்துவிடும் என்று நம்பி இன்றே முன்பணம் கட்டுவது சரியல்ல. அந்த வரிசையின் நீளம் இந்தியர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது: அனுமதிக்கு முன் முன்பணம் கொடுப்பதைக் குற்றமாக்கத் தேவையில்லை, அதைக் கடைக்காரர் பறித்துக்கொள்வதைத்தான் தடுக்க வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டாலும் காத்திருப்புக் காலத்தில் வாங்குபவரே வேண்டாம் என்றாலும் முழுத் தொகையும் திரும்ப வர வேண்டும். பொருளை எடுத்துவைத்ததால் வியாபாரம் போகிறது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அதில் ஓரளவு நியாயம் உண்டு. அதற்கு முன்பணத்தில் சேராத, முன்கூட்டியே சொல்லிவிட்ட சிறு கட்டணம் போதும். நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் ஓர் அனுமதி தேவை என்றாலும், அது இன்ன துப்பாக்கிக்கு என்று குறிப்பிட்டுத் தரப்படுவதில்லை. ஒருவர் வேண்டாம் என்று விட்டதை அனுமதியோடு வரும் அடுத்தவருக்குக் கடைக்காரர் அன்றே விற்றுவிடலாம்.