வாடவிட்ட மல்லி

எங்கள் மொட்டைமாடியில் ஏழு தொட்டிகளில் குண்டுமல்லி நிற்கிறது. முதல் இரண்டு வருடம் அவற்றைச் செல்லப்பிள்ளையாக வளர்த்தேன். காலையும் மாலையும் தண்ணீர், வாரம் ஒருமுறை கடலைப் பிண்ணாக்கு ஊறல். செடிகளும் குறை வைக்கவில்லை, புதராய்த் தழைத்தன. பூதான் இல்லை. நாளுக்கு நாலோ ஐந்தோ மொட்டு. சாமி படங்களுக்கே பங்கு வைத்துக் கொடுக்க வேண்டும். தெருவில் பூ விற்கும் அக்கா ஒருநாள் மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "ஏன் சார், பூச்செடி வச்சிருக்கீங்களா, கீரைப்பாத்தி போட்டிருக்கீங்களா?" என்றார். கூடவே வைத்தியமும் சொன்னார். "கார்த்திகையில ஒட்ட வெட்டுங்க. தண்ணிய நிறுத்துங்க. வாடட்டும், ஒண்ணும் செத்துராது."

செத்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் மல்லித் தோட்டக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது இதைத்தான். நவம்பர் கடைசியில் கவாத்து. தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு முழம் விட்டு (பூ அளக்கிற அதே முழம்தான்) மீதியை வெட்டித் தள்ளுவார்கள். மிஞ்சிய இலையையும் உருவிவிடுவார்கள். மண் காய்ந்த பிறகு தொழுவுரம் வைத்து, அப்புறம்தான் தண்ணீர். காரணம் எளிது: மல்லி பழைய கிளையில் பூப்பதில்லை, புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். தண்ணீரும் உரமும் தாராளமாகக் கிடைக்கிற செடிக்குப் பூக்க வேண்டிய அவசரம் இல்லை. இலையைப் பெருக்கிக்கொண்டு சௌகரியமாக இருக்கும்.

மாசி பிறந்ததும் துளிர் வந்தது. பங்குனியில் மொட்டு. சித்திரையில் காலையில் எழுந்ததும் மாடிக்கு ஓடுகிற ஆளாகிவிட்டேன்.

மொட்டு பறிப்பதிலும் ஒரு பதம் உண்டு. முந்தின நாள் மொட்டில் இளம்பச்சை ஓடும், நுனி கூராக இருக்கும். அன்று மாலை விரியப்போகிற மொட்டு பால்வெள்ளையாகி, வயிறு பருத்து, விரல் பட்டதும் காம்போடு கையில் வரும். சந்தைக்கு அனுப்புகிறவர்கள் விடியுமுன்பே பறித்துவிடுவார்கள். எனக்குச் சந்தை இல்லை. நாலரை மணி வெயில் சாய்ந்த பிறகு பறிக்கிறேன். கட்டி முடிப்பதற்குள் மடியில் இருக்கும்போதே விரியத் தொடங்கும். இருட்ட இருட்ட வாசம் ஏறும். மல்லியின் வாசம் இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு. ஆனால் குண்டுமல்லியில் விதை பிடிப்பது அபூர்வம். நட்டால் போத்து, இல்லாவிட்டால் பதியம். அழைப்பு மட்டும் ஊரெல்லாம் போகிறது, காரியம் நடப்பதில்லை. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு வாங்கினோம். அதன் தடித்த இதழையும் சட்டென்று வாடாத குணத்தையும் குறிப்பிட்டுப் பேசுவார்கள். என் தொட்டிச்செடி அந்த வம்சமா என்று தெரியாது, நர்சரிக்காரர் அப்படித்தான் சொல்லி விற்றார்.

இந்த மல்லி விவகாரத்துக்குப் பிறகுதான் எனக்கு ஒரு பழைய சந்தேகம் தீர்ந்தது. இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். நம் பெரும்பொழுதுக் கணக்கு அப்படித்தான். பூவும் தளிரும் குயிலுமான காலம் அது. அதைக் கொண்டுபோய்ச் சங்கப் புலவர்கள் ஏன் பாலைத்திணையில் வைத்தார்கள்? வறண்ட வழி, பிரிவு, நண்பகல் என்று நெஞ்சு உலர்கிற திணை அது. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில் 'இளவேனிற் பத்து' என்றே ஒரு பத்து இருக்கிறது. பத்துப் பாட்டும் ஒரே முறையீட்டில் தொடங்கும்: பருவம் வந்துவிட்டது, அவர் வரவில்லை. முதல் பாட்டில் குயில், ஒன்பதாவதில் மாந்தளிர், கடைசியில் வேப்பம்பூ. முன்பெல்லாம் இதை அழகான முரண் என்று நினைத்துப் புரட்டிவிடுவேன். முரண் ஒன்றும் இல்லை, தோட்டக்காரன் கண்ணுக்குத் தெரிகிற உண்மைதான். நம் ஊரில் பூக்காலமும் வறட்சியும் ஒரே காலம். மாந்தோப்பில் பூ எடுப்பதற்கு முந்தைய இரண்டு மாதம் தண்ணீர் பாய்ச்சமாட்டார்கள். பாய்ச்சினால் பூவுக்குப் பதில் தளிர் வந்துவிடும். வேம்புக்கோ யாரும் எப்போதும் தண்ணீர் விட்டதில்லை.

அந்த ஒன்பதாம் பாட்டும் பத்தாம் பாட்டும் சேர்ந்து சித்திரை முதல் நாள் எங்கள் வீட்டு இலையில் விழும். மாங்காய், வெல்லம், மிளகாய், உப்பு, மேலே நெய்யில் வறுத்த வேப்பம்பூ. அறுசுவை, வாழ்க்கை, மேடுபள்ளம் என்று அந்தப் பச்சடிக்கு வருடாவருடம் தத்துவம் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அது ருசியாக இருக்கிறது, அவ்வளவுதான். என்னைக் கேட்டால் பச்சடியைவிட வேப்பம்பூ ரசம் ஒருபடி மேல். பருப்புப் போடாத கொட்டு ரசமாக இருக்க வேண்டும். பருப்பு கசப்பை மழுக்கிவிடும். புளித்தண்ணீர் கொதித்து அடங்கி இறக்கிய பிறகு, நெய்யில் கடுகும் வரமிளகாயும் தாளித்து, அதிலேயே பூவைப் போட்டுக் காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை புரட்டி மேலே கொட்ட வேண்டும். அதற்குப் பிறகு கொதிக்கவிடக் கூடாது. நிறம் கறுத்துவிட்டால் வெறும் கரி. கடைப் பொட்டலத்தில் பாதி காம்பும் தூசியும். நானே பங்குனியில் பக்கத்துக் காலிமனை வேம்பின் அடியில் பழைய வேட்டியை விரித்துவைத்து, விடிந்ததும் உதிர்ந்ததை அள்ளி, நிழலில் உலர்த்திப் புடைத்துவிடுகிறேன். ஒரு வேட்டி நிறையப் பூ உலர்ந்தால் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்கூட நிறையாது.

மாலையில் மாடியில் உட்கார்ந்து பூக்கட்டும் நேரத்துக்கு நான் கேட்பது வசந்தா ராகம். அந்திக்கு உரிய ராகம் என்பதால் நேரமும் பொருந்தும். இதன் தாய் ராகம் 17ஆவது மேளமான சூரியகாந்தமா, 15ஆவது மேளமான மாயாமாளவகௌளையா என்று வித்வான்களுக்குள் சண்டை உண்டு. அது அவர்கள் பாடு. எனக்குச் சுவாரசியம் இந்த ராகத்தில் இல்லாதவற்றில்தான். ஏறும்போது ரிஷபம் கிடையாது, இறங்கும்போது மட்டும் லேசாகத் தொடும். பஞ்சமமோ ஏற்றத்திலும் இல்லை, இறக்கத்திலும் இல்லை. குயில் கூவுவது பஞ்சமம் என்பது பழைய இசை நூல்களின் வழக்கு. வசந்தத்தின் பேரையே வைத்துக்கொண்ட ராகம், வசந்தத்தின் பறவைக்குரிய சுரத்தைக் கழித்துவிட்டு நிற்கிறது! கவாத்து செய்த ராகம் என்று எனக்குள் பேர் வைத்திருக்கிறேன். இளைப்பாற ஒரு பஞ்சமம் இல்லாததால் மத்தியமத்துக்கும் தைவதத்துக்கும் இடையே குரல் தாவிக்கொண்டே இருக்கும். அந்தத் தாவலில்தான் அதன் மினுமினுப்பு. தியாகராஜரின் 'சீதம்ம மாயம்ம' போதும், ராகம் முழுதாக முன்னால் வந்து நிற்கும். கோபாலகிருஷ்ண பாரதியின் 'நடனம் ஆடினார்' கேட்டால் விரல்கள் தாளத்துக்கு ஓடி, கண்ணிகள் நெருக்கமாக விழுகின்றன. கச்சேரி வேண்டாம் என்கிறவர்களுக்கு 1981இல் வந்த 'ராஜபார்வை'யில் இளையராஜா போட்ட 'அந்தி மழை' இருக்கிறது, அதுவும் வசந்தாதான்.

பூக்கட்டாத நேரத்தில் படிக்க மா. கிருஷ்ணன். அ. மாதவையாவின் மகன், 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950லிருந்து 1996இல் இறக்கும்வரை பத்தி எழுதியவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். தெருவோரக் காக்கையையும் அணிலையும் கானக யானைக்குக் கொடுக்கும் அதே மரியாதையோடு பார்க்கிற எழுத்து. அயல்நாட்டு அலங்காரச் செடிகள் மேல் அவருக்கு இருந்த எரிச்சல் பிரசித்தம். அவரைப் படித்துவிட்டு மாடியிலிருந்த இரண்டு காகிதப்பூத் தொட்டிகளைக் குற்ற உணர்ச்சியோடு பார்த்தேன். எடுத்துப்போட மனம் வரவில்லை. அதுவும் காய்ந்தால்தான் பூக்கிற ஜாதி.

போன சித்திரையில் ஒருநாள் பூக்கார அக்கா மறுபடி மாடிக்கு வந்தார். பூ வரத்து கூடி விலை சரிந்திருந்த வாரம். கூடையில் பாதி அப்படியே இருந்தது. என் பூவை விலைக்குக் கேட்கமாட்டார் என்று தெரியும். ஆனாலும் உட்கார்ந்து, வாழைநாரை நனைத்துக்கொண்டு, நான் அரைமணி நேரமாக முக்கிக்கொண்டிருந்ததைப் பிடுங்கி மூன்று முழம் கட்டிக் கொடுத்தார். எழுந்து தொட்டிகளை வரிசையாகப் பார்த்து வந்தவர், குழாயடியில் இருந்த ஏழாவது தொட்டியின் முன் நின்றார். கரும்பச்சையாய், இடுப்பு உயரத்துக்கு, ஒரு மொட்டுகூட இல்லாமல் அது செழித்து நின்றது.

"இதுக்கு மட்டும் திருட்டுத்தனமா ஊத்துனீங்களா சார்?"

நான் பாட்டின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தேன்.