பீக்கிங் வீதியும் இரு நிழற்படக் கலைஞரும்

அயல்நாட்டுப் பழநகரங்களுக்குச் செல்வோர் ஆங்குள்ள வீதி வாழ்க்கையை நிழற்படமாக்கிக் கொணர்தல் நெடுநாளைய வழக்கமாகும். அத்தகைய படங்களை மதிப்பிடுவோருட் பலர் ஓர் அளவுகோலையே கையாளுகின்றனர். எடுக்கப்படுபவர் அறியாதவாறு எடுத்த படமே அன்றாட வாழ்வை உள்ளவாறு காட்டும். அறிந்து நின்ற படம் நடிப்பாகும் என்பது அவர்தம் கொள்கை. இக்கொள்கை எத்துணைப் பொருந்தும் என்பதை, முன்னர் பீக்கிங் என வழங்கிய பெய்ஜிங் நகரின் வீதிகளைப் படம்பிடித்த இருவரின் ஆக்கங்களைக் கொண்டு ஆராயலாம்.

ஸ்கொத்லாந்தில் 1837 இற் பிறந்த யோன் தொம்சன் 1871 இல் அந்நகரிற் படமெடுத்தார். அவர் கையாண்டது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன் படமெடுத்து, அவ்விடத்திலேயே இருட்கூடாரத்துள் உருத்துலக்கல் வேண்டும். ஒளி பதியச் சில விநாடிகள் செல்லுமாதலின், எதிரில் நிற்போர் அசையாதிருத்தல் இன்றியமையாததாயிற்று. அவர்தம் இசைவின்றி அது கைகூடாது. தம் கருவியை மக்கள் அஞ்சியதைத் தொம்சனே எழுதியுள்ளார்.

பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெசோன் 1948 டிசம்பரில், பொதுவுடைமைப் படைகள் நகரை நெருங்கிய வேளையில், அங்கு சென்றார். அவர் கையிலிருந்தது 1925 இல் விற்பனைக்கு வந்த லைக்கா வகைச் சிறு கருவி. அதன் மின்னும் பாகங்களைக் கறுப்பு நாடாவால் மறைத்து, எவரும் கவனியாதவாறு விரைந்து படமெடுப்பது அவர் வழக்கம்.

முற்கூறிய அளவுகோலின்படி பின்னவரே வெற்றி பெறுவர். ஆயின் படங்கள் வேறு கூறுகின்றன. தொம்சன் 1873 முதல் 1874 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட சீன நூலில், தெருவணிகரும் இரவுக் காவலாளரும் தத்தம் தொழிற்கோலத்துடன் நிற்கின்றனர். அவர்தம் பிழைப்பின் இயல்பை அருகிலுள்ள உரை விளக்குகின்றது. தம்மைக் காண்பவரை அவர்கள் நேர்நின்று காண்கின்றனர். அந்நிலையும் அவர்தம் அன்றாட வாழ்வின் ஒரு கணமேயன்றோ? எனினும் குறையும் உண்டு. தலைப்புக்கள் பெரும்பாலும் தொழிலையே சுட்டுதலின், மனிதர் ஓரினத்தின் மாதிரியாகச் சுருங்கிவிடுகின்றனர்.

கார்ட்டியே-பிரெசோனின் படங்களிற் புகழ்பெற்றது, அரண்மனையில் முன்னர் பணிபுரிந்த முதிய அலியொருவரின் படமாகும். 1912 இல் முடிவுற்ற பேரரசின் வீழ்ச்சியை அம்முகத்திற் காண்கிறோம். அச்சிறப்பை மறுத்தற்கில்லை. ஆயின் அம்முதியவர் எவ்வாறு உண்டு வாழ்ந்தார் என்பதைப் படம் உரையாது. தொம்சனிடம் மனிதர் தொழிலின் சின்னமாயினர். இவரிடம் காலத்தின் சின்னமாயினர்.

எனவே இசைவோடு நின்றாரா, அறியாது அகப்பட்டாரா என்னும் வினா மட்டும் தீர்ப்புக்குப் போதாது. சின்னத்தைக் கடந்து, தனக்கென ஒரு வாழ்வுடைய மனிதர் படத்தில் எஞ்சுகின்றாரா என்பதே தலையாய வினா. 1950களிலும் 1960களிலும் பீக்கிங் நகர்மதில்களின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. மறைந்த நகருக்கு இத்தகைய படங்களே இன்று சான்று. கைத்தொலைபேசியாற் கணந்தோறும் படமெடுக்கும் இக்காலத்தில், வழிப்போக்கனின் மறுமொழியைக் கேளாமலே அவனைச் சான்றாக்குதல் மிக எளிதாயிற்று. எளிதாயினமையின் பொறுப்பும் பெரிதாயிற்று என்க.