முதுமை களைந்த ஔவை

ஔவை என்றவுடன், நரைத்த தலையும் ஊன்றுகோலும் நெற்றி நிறைந்த விபூதியுமாக, 1953-இல் கே. பி. சுந்தராம்பாள் திரையில் நிலைநாட்டிய அந்தத் திவ்விய ரூபமே நம் மனத்தில் எழுகின்றது. கவிஞர் இன்குலாப் எழுதி, அ. மங்கை அரங்கேற்றிய ‘ஔவை’ நாடகமோ, அந்த முதுமைக் கோலத்தைக் களைந்துவிட்டு, ஆடியும் பாடியும் ஊர் ஊராய்த் திரிந்த இளம் பாண்மகளை நம் கண்முன் நிறுத்துகின்றது. நாடகாசிரியர் வலிந்து கற்பித்த புதுமை அன்று இது. மன்னன் அதியமானோடு அவள் கள்ளுண்டதும், புலால் வாடை வீசும் அவள் தலையை வாசனை கமழும் தன் கரத்தால் அவன் வருடிக் கொடுத்ததும், பரிசில் தாமதித்தபோது வாயிற்காவலனிடம் அவள் வெகுண்டு பேசியதும் புறநானூற்றில் உள்ளவையே. பல காலத்து ஔவையரை ஒருத்தியாக்கி, அவளுடைய யௌவனத்தை அபகரித்துக்கொண்டது பிற்கால மரபு. ஆணும் பெண்ணும் சிநேகிதராய்ச் சமமாக அமர்ந்து பருகிய அந்த நட்பை எண்ணுந்தோறும், களவுபோன குடும்ப நகை வீடு திரும்பியது போன்றதோர் ஆனந்தம் எனக்கு உண்டாகின்றது.