கொல்லாமையும் தின்னாமையும்: நாராயண குருவின் ‘ஜீவகாருண்ய பஞ்சகம்’ — ஒரு மதிப்பீடு

முன்னுரை

உயிரிரக்கம் பற்றிய தமிழாய்வுகள் பெரும்பாலும் திருக்குறள், மணிமேகலை, வள்ளலாரின் ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் வரிசையோடு நின்றுவிடுகின்றன. அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க மற்றொரு பனுவல், நாராயண குரு மலையாளத்தில் இயற்றிய ‘ஜீவகாருண்ய பஞ்சகம்’ ஆகும். ஐந்தே செய்யுட்களால் ஆகிய இச்சிறுநூல், விலங்கின் துன்பத்திற்குப் பொறுப்பாவார் யார் என்னும் வினாவிற்குத் தரும் விடையினையும், அவ்விடையில் உள்ள முரணையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் மரபும்

நெய்யாற்றின்கரைக்கு அருகில் நெய்யாற்றங்கரையில் அமைந்த அருவிப்புறத்தில், 1888ஆம் ஆண்டு சிவராத்திரியன்று குரு சிவலிங்கத்தை நிறுவினார். நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகியவற்றைச் சூழ்ந்த சிற்றூர்கள் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் பகுதியாகும். 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு முதலிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே மாநில எல்லை அமைந்தது அவ்வாறே.

இவ்வெல்லைக்கு அப்பால், குமரி மாவட்டத்தில் உள்ள சிதறால் என்னும் திருச்சாரணத்துமலை, 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னர் காலத்தில் சமணத் தலமாக விளங்கியமையைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) உயிர்ப்பலியை விலக்கினார். குருவும் தம் கருத்துச் சென்ற இடங்களில் பலி பெறும் சிறுதெய்வ வழிபாட்டை மாற்றியமைத்தார். இவற்றைப் பஞ்சகத்தின் நேரடி மூலங்களாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் கொல்லாமை என்னும் கருத்து இந்நிலத்திற்குப் புதியதன்று என்பது தெளிவு. குரு தமிழில் தேவாரப் பதிகங்கள் பாடியவர். குறளின் சில பகுதிகளை மலையாளத்தில் பெயர்த்தவர். ஆதலின் அவர் பனுவலைத் தமிழ் அறநூல்களோடு ஒப்பிடுவது வலிந்து செய்யும் ஒப்பீடு ஆகாது.

பஞ்சகத்தின் வாத முறை

முதற்செய்யுள், அனைவரும் ஆன்ம சகோதரர் எனில் இரக்கமின்றி உயிர்களைக் கொல்வதும் உண்பதும் எங்ஙனம் இயலும் என வினவுகிறது. இரண்டாவது, கொல்லா விரதம் சிறந்தது, தின்னா விரதம் அதனினும் சிறந்தது, எல்லாச் சமயங்களின் சாரமும் இதுவே என்கிறது. மூன்றாவது, கொலை தன்மேல் வரின் ஒருவன் அதனை விரும்புவானோ எனக் கேட்கிறது. நான்காவது, உண்பார் இல்லையேல் கொல்வாரும் இலர், கொல்வித்தல் கொலையினும் கொடிய பாவம் என வரையறுக்கிறது. ஐந்தாவது, கொல்லாதவன் நற்குணமுடையவன், அல்லாதவன் விலங்கினை ஒப்பான், பிற நன்மைகள் எல்லாம் இருப்பினும் கொல்பவனுக்குப் புகலிடம் இல்லை என முடிக்கிறது.

மூன்றாம் செய்யுளின் கருத்து, தன்னுயிர்க்குத் துன்பமாவதைத் தானறிந்தவன் பிறவுயிர்க்கு அதனைச் செய்வது ஏன் என்னும் குறளோடு (318) ஒத்துச் செல்கிறது. நான்காம் செய்யுளுக்கு நிகரானது, தின்பதற்காக உலகம் கொல்லாதாயின் விலைக்கு ஊன் தருவார் இலர் என்னும் குறளாகும் (256). ‘கொல்லா விரதம்’ என்னும் தொடர் தாயுமானவரிடத்தும் காணப்படுவதே. குரு அதன் அருகில் ‘தின்னா விரதம்’ என்பதனை வைத்து இரண்டாவதை உயர்த்துகிறார். குறளில் புலால் மறுத்தலும் (26) கொல்லாமையும் (33) துறவறவியலுள் தனித்தனி அதிகாரங்களாக அமைகின்றன. பஞ்சகத்தில் இவை இரண்டும் ஒரே படிவரிசையில் வைக்கப்பட்டு, எவ்வகை மாந்தரும் ஏற்கத்தக்க பொதுவறமாக முன்வைக்கப்படுகின்றன. இதுவே குருவின் தனித்தன்மை எனலாம்.

தான் கொல்லாத உயிரின் ஊனை உண்பது குற்றமா என்னும் வினா நீலகேசியில் சமண, பௌத்த வாதத்திலேயே எழுந்துள்ளது. ஒருயிரைக் கொன்று மற்றோருயிரின் பசியைப் போக்குதல் ஜீவகாருண்யம் ஆகாது என வள்ளலாரும் மறுக்கிறார். ஆயினும் வள்ளலாரின் நூலில் பசி நீக்கலே மையம்; 1867இல் வடலூரில் அவர் நிறுவிய தருமசாலை அதன் செயல்வடிவம். குருவின் பனுவலிலோ உண்பவனது தேர்வே மையம்.

பனுவலின் முரண்

உயிரிரக்க நூல்களின்மீது ஒரு நியாயமான ஐயம் உண்டு. விலங்கிற்கு இரங்குவதாகத் தொடங்கி, ஊனுண்ணும் மக்களையும் கொலைத்தொழிலாளரையும் இழிவுபடுத்துவதில் அவை முடிவதில்லையா என்பதே அது. கொலைத்தொழில் செய்வாரைப் ‘புலைவினையர்’ எனச் சுட்டும் குறள் (329) இவ்வையத்திற்கு இடம் தருகிறது. குருவின் நான்காம் செய்யுள் இதற்கு மாறானது. பழி கத்தியேந்தியவனை விட்டு, விலை கொடுத்துக் கை கறைபடாது உண்பவனைச் சேர்கிறது. சாதி இழிவிற்கு எதிராக நின்ற ஒருவர், சாதிச் சொல் எதனையும் பயன்படுத்தாது இவ்வாறு கூறியிருப்பது சிறப்பாக நோக்கத்தக்கது.

ஆயின் ஐந்தாம் செய்யுள் அவ்வெற்றியைக் குறைக்கிறது. கொல்பவனுக்குப் புகலிடமில்லை என்று பழி மீண்டும் தொழிலாளியிடமே திரும்புகிறது. மேலும், அவனை இகழ்வதற்கு விலங்கே உவமையாகிறது. விலங்கைச் சகோதரனாக ஏற்றுத் தொடங்கிய நூல், இறுதியில் விலங்கினை இழிவின் அளவுகோலாகக் கொள்வது பொருந்தவில்லை. பசுவின்மேல் வந்த கொடுமைக்காகத் தன் குலத்தையே எதிர்த்து, ‘ஆபுத்திரன்’ என விலங்கின் பெயராலேயே அறியப்படும் மணிமேகலைப் பாத்திரத்திடம் இக்குறை இல்லை. அங்கு விலங்குறவு பெருமைக்குரியதாகிறது.

சட்டமும் பனுவலும்

இவ்வாராய்ச்சி இன்றும் பயனுடையது என்பதை எல்லையின் இருபுறச் சட்டங்கள் காட்டுகின்றன. விலங்கு, பறவை பலித் தடைச் சட்டம் சென்னை மாநிலத்தில் 1950இல் இயற்றப்பட்டது. 2003இல் தமிழக அரசு அதனைக் கடுமையாக நடைமுறைப்படுத்த முற்பட்டபோது எதிர்ப்பு எழுந்து, 2004இல் அது நீக்கப்பட்டது. கேரளத்தில் இத்தகைய சட்டம் 1968இல் வந்தது. அதனை எதிர்த்த மனுவைக் கேரள உயர் நீதிமன்றம் 2020இல் தள்ளுபடி செய்தது. ஆகவே களியக்காவிளையில் இல்லாத தடை பாறசாலையில் உண்டு. எனினும், தெய்வத்தின் பொருட்டுக் கொல்வதனையே இச்சட்டம் தடுக்கிறது. உணவின் பொருட்டுக் கொல்வது அதன் எல்லைக்குள் வருவதில்லை.

ஏழை மக்களின் பலிபீடத்தை மட்டும் சட்டம் தண்டிக்கிறது என்பது நாட்டார் வழிபாட்டுச் சார்பினரின் வாதம். குருவின் நான்காம் செய்யுள்வழி நோக்கின் அவ்வாதம் பாதி உண்மையாகிறது. பீடத்தை நோக்கும் சட்டம் உண்கலத்தை நோக்குவதில்லை. தமிழகச் சந்தைகளிலிருந்து இறைச்சிக்காகக் கேரளம் செல்லும் மாடுகளின் துன்பத்திற்கு எத்தெய்வமும் காரணமன்று. ஆயினும் மறுபாதியையும் மறத்தலாகாது. சந்தையில் நிகழும் கொடுமை பீடத்தில் நிகழும் கொடுமைக்கு நியாயம் ஆகாது. ஆட்டிற்கு இரண்டும் ஒன்றே.

முடிவுரை

கொலையைக் கண்ணால் காணாது ஊனைப் பெறும் வாய்ப்புப் பெருகியுள்ள இக்காலத்தில், ‘கொல்வித்தல்’ என்னும் கருத்து முன்னினும் வலுப்பெறுகிறது. பஞ்சகத்தின் உயிர்நிலை நான்காம் செய்யுளே. ஐந்தாம் செய்யுளின் இகழ்ச்சியைக் கொண்டு அதனை மதிப்பிடுதல் தகாது. விலங்கைக் காத்தல் என்பது பிறரைத் தூற்றுவதில் தொடங்காது, தன் உண்கலத்தைத் தானே வினவுவதில் தொடங்கும் என்பது இப்பனுவலால் பெறப்படும் முடிபாகும்.