சிரிப்பைத் தேடி எடுத்தல்

பழைய கல்யாண டிவிடியில் பாட்டி சிரிப்பது ஒரு விநாடிதான். அதற்குள் 25 படங்கள் இருக்கின்றன. வீடியோவை எம்பி4 ஆக்கி, ஃபோட்டோஷாப்பில் ஃபைல், இம்போர்ட், 'வீடியோ ஃப்ரேம்ஸ் டு லேயர்ஸ்' என்று போனால் அத்தனையும் அடுக்கடுக்காக வந்து நிற்கும். ஒன்றில் கண் பாதி மூடியிருக்கும், அடுத்ததில் கை கலங்கியிருக்கும். ஆற அமரத் தேடவேண்டும். எனக்குப் பிடித்ததே இந்தத் தேடல்தான். கேமராக்காரர் 'சிரிங்க' என்று சொல்லி வாங்காத சிரிப்பு அல்லவா! அசைந்த இடத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிந்தால் 'டீ-இன்டர்லேஸ்' ஃபில்டர் பெரும்பாலும் சரிசெய்துவிடும். ஆனால் டிவிடி படம் 720க்கு 576 புள்ளிகள்தான். ஆளுயரத்துக்குப் பெரிதாக்க ஆசைப்படாதீர்கள். அஞ்சலட்டை அளவே அழகு.