ஒரே தண்ணீருக்கு இரண்டு எண்: நைட்ரைட் சோதிக்கும் இரு கருவிகள்

ஏபிஐ மாஸ்டர் கிட்டும் ஹன்னாவின் ஹெச்ஐ707 நைட்ரைட் செக்கரும் ஒரே மீன்தொட்டித் தண்ணீருக்கு ஒரே எண்ணைத் தருவதில்லை. ஹன்னா 150 பிபிபி என்று காட்டும் தண்ணீர், ஏபிஐயின் நிற அட்டையில் 0.5 பிபிஎம் கட்டத்தின் நிறத்துக்கு வரும். 150 பிபிபி என்றால் 0.15 பிபிஎம்தானே, இரண்டில் ஒன்று பழுதாக இருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இரண்டுமே சரி. ஏபிஐ நைட்ரைட்டின் முழு எடையைச் சொல்கிறது. ஹன்னா அதிலுள்ள நைட்ரஜனின் எடையை மட்டும் சொல்கிறது. நைட்ரஜனின் எடை 14, இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்த நைட்ரைட்டின் எடை 46. ஆகவே ஹன்னாவின் எண்ணை 3.28 ஆல் பெருக்க வேண்டும்; 150 என்பது 492 பிபிபி, ஏறக்குறைய அரை பிபிஎம் ஆகிவிடும். நைட்ரேட்டுக்கு இந்தப் பெருக்கு எண் 4.43.

கையாள்வதில் இரண்டுக்கும் தனித்தனிக் குணம். ஏபிஐயில் 5 மில்லி தண்ணீர், ஐந்து சொட்டு, ஐந்து நிமிடம். பிறகு நீலத்துக்கும் ஊதாவுக்கும் இடையே கண்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் 0.25ஐயும் 0.5ஐயும் பிரித்தறிவது கடினம். ஹன்னாவில் அந்தத் தடுமாற்றம் இல்லை. மருந்து போடாத தண்ணீரை முதலில் வைத்து, பிறகு பொடியைக் கலந்து மறுபடி வைத்தால் எண் வந்துவிடும். குப்பியில் கைரேகை இல்லாமல் துடைத்தால் போதும். ஆனால் 600 பிபிபியோடு, அதாவது முழு நைட்ரைட்டாகக் கணக்கிட்டால் 2 பிபிஎம்முக்குச் சற்றுக் கீழே, அதன் எல்லை முடிகிறது. புதுத் தொட்டி பழகும் வாரங்களில் நைட்ரைட் அதைத் தாண்டிப் போவது சாதாரணம்.

அலகைப் பொறுத்தவரை ஹன்னாவின் வழிதான் மேல். தொட்டியில் பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும்போது ஆக்சிஜன்தான் கூடுகிறது, நைட்ரஜன் மாறுவதில்லை. நைட்ரஜனாக அளந்தால் 1 பிபிஎம் அமோனியா 1 பிபிஎம் நைட்ரேட்டாகவே முடியும், கணக்கு நேராக இருக்கும். முழு எடையில் அதே 1 பிபிஎம் நைட்ரஜன் 1.22 அமோனியாவாகத் தொடங்கி 4.43 நைட்ரேட்டாக முடியும்; எங்கிருந்தோ கழிவு பெருகியதுபோல் தெரியும்.

நிற அட்டையே தோராயம், அலகு பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். நைட்ரேட் அட்டையில் கண் ஏமாந்தால் 20ஐ 40 என்று படிப்போம், இரு மடங்குப் பிழை. அலகில் ஏமாந்தால் நாலு மடங்குக்கும் மேல். குடிநீர் வரம்பே இதற்குச் சான்று: இந்தியத் தர நிர்ணயம் நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்கிறது, அமெரிக்கா 10 என்கிறது. அமெரிக்க எண் நைட்ரஜனாகச் சொன்னது, 4.43 ஆல் பெருக்கினால் 44 வந்துவிடும். மீன் வளர்ப்போர் பேச்சில் முழு எடைதான் வழக்கம் என்பதும் உண்மையே. அதனால்தான் செக்கரின் திரையில் வெறும் எண் மட்டும் வருவது பெரிய குறை.

புதுத் தொட்டிக்கு ஏபிஐ போதும். பழகிய தொட்டியில் நைட்ரைட்டைத் துல்லியமாகக் கண்காணிக்க ஹன்னா வாங்கலாம். அதன் மூடியில் ‘× 3.28’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.