‘போதுமான’ என்றால் எத்தனை?

லாக்-மெகான்டிக் விபத்து பற்றி கனடா போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2014ல் வெளியிட்ட அறிக்கையை முழுசா படிச்சு முடிச்சேன். நேர்மையான அறிக்கை. ஆனா ஒரு குறை இருக்கு.

2013 ஜூலை 6. 72 டேங்கர் கச்சா எண்ணெயோடு நான்த் ஊர்ச் சரிவில் நிறுத்தியிருந்த ரயில், நள்ளிரவு தாண்டி ஆளில்லாமல் உருண்டு, கியூபெக்கின் லாக்-மெகான்டிக் நகருக்குள் தடம் புரண்டு வெடித்தது. 47 பேர் இறந்தார்கள்.

ஓட்டுநர் போட்டது 7 கைபிரேக். கம்பெனி அட்டவணைப்படி 9. அறிக்கையின் கணக்குப்படி குறைந்தது 17 வேணும், 26 வரைகூட ஆகலாம். அதாவது, விதிப்படியே போட்டிருந்தாலும் வண்டி நின்றிருக்காது!

நாட்டு விதி சொன்னது ‘போதுமான எண்ணிக்கை’ மட்டும்தான். போதுமான்னு எஞ்சினால் இழுத்துப் பார்க்கணும். அவரும் பார்த்தார், வண்டி நகரலை. ஆனா அப்போ பிடிச்சிருந்தது எஞ்சினின் காற்று பிரேக். அதை அவர் விடுவிக்கலை. அப்புறம் எஞ்சினில் தீ. அணைக்க வந்தவங்க எஞ்சினை நிறுத்தினதும் காற்று மெல்லக் கசிந்து போச்சு.

எங்க தொழிலில் இது பழகின கதை: டெஸ்ட் பாஸ் ஆகும், தப்பான காரணத்தால்.

அறிக்கை 18 காரணங்களை அடுக்குது. எல்லாம் உண்மை. ஆனா அந்த நீண்ட பட்டியலில் ‘போதுமான’ங்கற ஒற்றைச் சொல்லோட கனம் கரைஞ்சு போகுது. எண்ணைச் சொல்லாத விதி, பொறுப்பை நடுராத்திரியில் தனியா நிற்கிற ஒரு ஆளோட ஊகத்துக்குத் தள்ளிவிடுது. 2018ல் நீதிமன்றம் ஏறின மூன்று ஊழியர்களும் விடுதலையானார்கள். அந்தச் சொல்லை எழுதினவங்க கூண்டில் ஏறவே இல்லை.